தும்மலில் நின்ற பயணம்

என் வீட்டுச் சக்கரவர்த்தினிக்கு, ஏழு கடல் தாண்டி லாண்டரியில் போர்வை துவைக்கும் உன் மாமன்னன் எழுதுவது. உன் நுரையீரல்கள் நலமா? மற்ற உறுப்புகளை அப்புறம் விசாரிக்கிறேன்.

லீவுக்கு வரவில்லை என்றதும் காரணம்கூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்த ஓலை. பெட்டி கட்டும்போது ஒரு தும்மல் போட்டேன். கட்டடமே ஆடி மூன்று ஜன்னல் தெறித்தது. மறுநாள் லேசான காய்ச்சல். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன்.

பக்கத்துக் கட்டில் எலக்ட்ரீஷியன் சிரித்தான். "யோவ், ரெண்டு வருஷமா நாள் எண்ணிட்டு, ஒரு ஜலதோஷத்துக்கா நிக்கிற?"

"எனக்குத்தான்யா ஜலதோஷம். அவளுக்கு ஆஸ்பத்திரி."

போன முறை மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் வந்து இறங்கினேன். நான் மூன்று நாளில் ஊர் சுற்றக் கிளம்பினேன். நீ பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தாய். பஞ்சு மில்லில் இருபது வருடம் தூசி குடித்துச் சுருங்கிய மூச்சுக்குழாய், அதில் கிருமியும் சளியும் சேர்ந்தால் காற்றுக்கு வழியேது என்றார் டாக்டர். யாரிடமிருந்து தொற்றியது என்றும் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் இருமல் முழுக்க நின்றபிறகு வருகிறேன். அதற்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள். என் சட்டைகளை வெயிலில் காயவை. இங்கே பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதன்மேல் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து என்னை நன்றாகத் திட்டு. மூச்சு வாங்க நிற்காமல் எவ்வளவு நேரம் திட்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.