அரங்கத்துக்குப் போன குழாய்

மச்சான்,

ஈப்போ டவுனில் நிற்கும் அந்த விளையாட்டு அரங்கத்துக்கு நம் கம்பத்து ஆட்களின் சம்மதத்தை வாங்கிக் கொடுத்தவன் நீ. இதை உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நீ போய்விட்டாய் என்பதற்காக இப்போது மாற்றிச் சொன்னால் அது பொய். அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

இன்று காலை லகாட் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்காகக் கவுண்டரில் இருந்தவர் மைப்பெட்டியைத் திறந்தார். அந்த வாடை வந்தது. ஊதா மையின் வாடை, கொஞ்சம் இனிப்பாக, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்கிற மாதிரி. பெரியவர் கட்டைவிரலை மையில் அழுத்தி, கவுண்டரில் இருந்தவர் காட்டிய இடத்தில் வைத்தார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார், மை சரியாகப் பட்டிருக்கிறதா என்று. என் முறை வந்தபோது நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாம் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது உன் வீட்டுச் சாமானும் என் வீட்டுச் சாமானும் ஒரே லாரியில் வந்தன. ஈயம் தோண்டி முடித்துவிட்டு விட்டுப்போன மணல் நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டோம். அந்தக் குடியிருப்புதான் நம் கம்பம் ஆனது. மண் வெள்ளை வெளேரென்று இருந்தது. எதை நட்டாலும் மஞ்சளாகிச் செத்தது. பின்னால் ஈயக்குட்டை, பச்சை நிறத்தில், ஆழம் யாருக்கும் தெரியாது. முன்னால் சாலை முனையில் ஒரே ஒரு குழாய். அறுபது வீட்டுக்கு அது ஒன்றுதான். வந்தால் வரும், வராவிட்டால் வராது.

குழாயடியில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டவன் நீ. உன் அப்பா தோட்டத்தில் மண்டோராக, துரைக்காக ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் அவர் பெயர்களை வாசிப்பார். ஆட்கள் 'இருக்கேன்' என்பார்கள். சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. சொல்லாதவனுக்கு அன்றைய சம்பளம் போனது. அந்த வரிசை உனக்கு மனப்பாடம். கம்பத்திலும் நீ அப்படியே வாசித்தாய், தோட்டத்து லயத்தில் யார் எந்த வீட்டில் இருந்தார்களோ அதே வரிசையில். லயம் இடித்து வருடக்கணக்காகியிருந்தது. ஆனாலும் நீ பெயர் சொன்னதும் 'இருக்கேன்' என்று பதில் வந்தது, வாளி முன்னால் நகர்ந்தது. பிறகு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வேலைக்கு வந்த நேரத்தைப் பதிகிற அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உன் குரல்தான் நினைவுக்கு வந்தது. நம் ஆட்களுக்குப் பெயர் கூப்பிட்டால் போதும். எதற்கு என்று கேட்கிற பழக்கத்தைத் தோட்டம் நமக்குக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அளவெடுப்பவர்கள் வந்தார்கள். சாலையிலிருந்து கம்பத்துக்குள் வரைக்கும் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வீடு பைப்பு வரப் போகிறது என்றார்கள். பாக்கியம் அக்கா மறுநாளே தன் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கக் கல் போட்டார். நீ கேலி செய்தாய்.

"என்னாக்கா, பைப்பு வரதுக்கு முன்ன கல்லு வந்திருச்சு?"

"நீ வாய மூடுலா. கல்லப் பாத்தாவது பைப்பு வெக்கப்பட்டு வரட்டும்."

பைப்பு வரவில்லை. டவுனுக்கு நடுவில் உள்விளையாட்டு அரங்கம் கட்டப் போகிறார்கள் என்ற செய்திதான் வந்தது. கூரை போட்டு, ஏர்கோன் வைத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிற மாதிரி. எல்லாம் பொதுப்பணம். பைப்பு வேலை என்ன ஆயிற்று என்று கேட்கப் போனோம். அரங்கம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த 'அப்புறம்' யாருடையது என்று நான் கேட்டேன். நீ என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாய்.

நீ பந்து ஆடுகிறவன் என்பதால் அரங்கத்துக்கு ஆதரவாகப் பேசுவாய் என்று கம்பத்தில் சிலர் நினைத்தார்கள். உன் கெண்டைக்காலில் கோப்பெங் திடலில் வாங்கிய தழும்பு இருந்தது. ஆனால் நீ சிரித்தாய்.

"பந்துக்கு எதுக்குலா கூர? மழைக்குப் பயந்தவன் பந்து ஆடுவானா?"

அரங்கத் திட்டக் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டது. எதிர்ப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தார்கள். நாம் வீடு வீடாகப் போனோம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். குடியுரிமை இல்லாதவன் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அவர்களிடம் நீ ஒரே வார்த்தைதான் சொன்னாய்: "நான் பக்கத்துல நிக்கிறேன்." அதை நம்பி லாரியில் ஏறினார்கள்.

மண்டபத்தில் நடுமேசையில் அட்டையால் செய்த அரங்கம் இருந்தது. வெள்ளைக் கூரை, தீக்குச்சி அளவுக்கு மரங்கள், கண்ணாடிக் கதவு. நம் ஆட்கள் சுற்றி நின்று சாமி பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கோட்டு போட்ட அதிகாரி குச்சியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். பாக்கியம் அக்கா கையைத் தூக்கினார்.

"ஐயா, இம்புட்டுப் பெரிய கட்டடத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

பக்கத்தில் இருந்தவர் மலாயில் சொல்ல, அதிகாரி சிரித்துக்கொண்டே, தனியாகப் பெரிய குழாய் போடப் போவதாகச் சொன்னார்.

"அப்ப அதக் கொஞ்சம் எங்க பக்கம் திருப்பி விடுங்க. நாங்க ஒண்ணும் ஆட்டம் பாக்க வரல."

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாம் வெற்றி என்று நினைத்தோம்.

பிறகு நீ எழுந்தாய். மலாயில் நிதானமாகப் பேசினாய். நான் விளையாட்டுக்காரன், எனக்கு இந்தக் கட்டடம் வேண்டாம், முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்றாய். டவுன் கடைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். நீ உட்கார்ந்தபோது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கூட்டம் கலைகிற நேரத்தில் குழுவின் ஆள் ஒருவன் தாள்களையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தான். எதற்கு என்று நீ கேட்டாய். வந்தவர்கள் பட்டியல் என்றான். உன் முகம் மலர்ந்தது. எத்தனை பேர் எதிர்க்க வந்தோம் என்று தாளிலேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னாய். நாற்காலியின் மேல் ஏறி நின்றாய். பெரட்டு வாசித்தாய். லயத்தின் முதல் வீட்டிலிருந்து.

'இருக்கேன்', 'இருக்கேன்' என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மண்டபத்தில் இருந்த மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பத்திரிகையில் செய்தி வந்தது. நம் கம்பத்து மக்கள் திட்டத்தை விளங்கிக்கொண்டு ஒப்புதல் அளித்துவிட்டார்கள் என்று. நாம் இருவரும் குழுவின் அலுவலகத்துக்கு ஓடினோம். அந்த ஆள் தாளை எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்ன எழுத்தில், மலாயில் மூன்று வரி. விளக்கத்தைக் கேட்டோம், புரிந்துகொண்டோம், ஆட்சேபணை இல்லை. அதற்குக் கீழே நம் ஆட்களின் கைரேகை.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். நான் குழாயடியில், எல்லோர் முன்னாலும் பேசினேன்.

"பெரட்டு வாசிச்சு வித்துட்டியேடா. அப்பன் புத்தி போவுமா?"

நீ வாளியைக் கீழே வைத்தாய்.

"பேரு கூப்புட்டது நான். எழுதுனது யாருலா?"

எழுதியது நான். கைரேகை வைத்தவர்களின் பெயரைப் பக்கத்தில் எழுத ஆள் வேண்டும் என்று அந்த ஆள் கேட்டபோது, படித்தவன் என்று கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டவன் நான். ஐந்தாம் படிவம் வரைக்கும் மலாயில் படித்தவன். ஒவ்வொரு தாளையும் திருப்பியது என் கை. அந்த மூன்று வரியும் என் கண்ணில் பட்டது, படிக்கவில்லை. அடுத்த கட்டம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பெயர் கேட்டதும் விரலை நீட்டிய நம் ஆட்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. இதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. "பேச்ச மாத்தாதே" என்று மட்டும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் என் பக்கம் நின்றார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. நீ வழக்கம்போல முதல் பெயரை வாசித்தாய். பதில் இல்லை. இரண்டாவது பெயர். பதில் இல்லை. எல்லோரும் அங்கேதான் நின்றார்கள், வாளியோடு. நீ நிறுத்தவில்லை. கடைசி வீடு வரைக்கும் வாசித்தாய். என் பெயரையும் வாசித்தாய். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, உன் வாளியில் தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்குப் போனாய்.

அதற்குப் பிறகு நீ வாசிக்கவில்லை. ஒரு வாரத்தில் குழாயடியில் அடிதடி. ஒருத்தியின் மண்டை உடைந்தது. நடமாட முடியாத கிழவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. நீ சைக்கிளில் இரண்டு தகர டின்னைக் கட்டிக்கொண்டு ஈயக்குட்டைக்குப் போய்வந்தாய். குளிக்க, துவைக்க ஆகும் என்று அவர்கள் வாசலில் இறக்கிவைத்தாய். யாரிடமும் பேசவில்லை. பாக்கியம் அக்கா ஒரு நாள் உன்னை மறித்துக் கேட்டாராம்.

"யாரு மேல கோவம்டா ஒனக்கு? பேசித் தொலையேன்."

"கோவம்லாம் இல்லக்கா. தண்ணி ஊத்தவா, போவவா?"

அவர் ஊற்றச் சொன்னாராம். இதை அவர் உன் சாவு வீட்டில்தான் என்னிடம் சொன்னார்.

நீ செத்த அன்றைக்குப் பகல் இரண்டு மணி இருக்கும். குட்டையின் கரை உன் காலுக்குக் கீழே சரிந்தது. மணல் கரை, மேலே உறுதியாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. உனக்கு நன்றாக நீச்சல் தெரியும். மேலே விழுந்த மண்ணுக்கு அடியில் நீச்சல் எதற்கும் உதவாது. டின் ஒன்று மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஆட்கள் ஓடினார்கள். உன்னைத் தூக்கி வந்தபோது நான் தொழிற்சாலையில் இருந்தேன். உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. அன்றைக்குக் குழாயில் வரவில்லை. பக்கத்துக் கம்பத்திலிருந்து டிரம்மில் கொண்டுவந்தோம்.

அரங்கம் திறந்தாகிவிட்டது. ஒரு முறை உள்ளே போனேன், ஆட்டம் பார்க்க அல்ல. நாற்காலிகள் பாதி காலி. கழிவறைக்குப் போனேன். வெள்ளைத் தொட்டிகள், வரிசையாகக் குழாய்கள். ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கை கழுவிவிட்டு, ஒழுகுகிற குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். நானும் அதை மூடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நகரம் எதை முதலில் கட்டுகிறது என்பதில் அதன் மனசு தெரிந்துவிடுகிறது, மச்சான். பேச்சும் பதாகையும் தேவையில்லை.

இப்போது என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் தலையிலிருந்து படிக்கிறேன். தொழிற்சாலையில் மற்றவர்களுக்கும் படித்துச் சொல்கிறேன், சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. கம்பத்தில் யாரிடமாவது கைரேகை கேட்டு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். இது உனக்கு நான் செய்கிற கைம்மாறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவனுக்குக் கைம்மாறு எதுவும் கிடையாது.

போன வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவின் வேலையை ஏற்றுக்கொண்ட அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் நம் ஆள், நெற்றியில் திருநீறு. கம்பத்துப் பெயரைச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, அது முடிஞ்ச ஃபைலுலா. நீங்க எல்லாரும் சம்மதிச்சு முடிஞ்சிருச்சு."

"பைப்பு முடியலையேண்ணே."

"அதுக்கு வேற மனு போடணும்."

"போட்டிருக்கோம். நாலு தடவ."

"அப்ப வெயிட் பண்ணுங்க."

"ஒருத்தன் வெயிட் பண்ணி, குட்டையில செத்துட்டான்."

அவர் என் பின்னால் நின்றவரைப் பார்த்தார். நான் நகரவில்லை. என் மனுவை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அதன் தலையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அவர் படிக்கிற மாதிரி அவர் பக்கம் திருப்பினேன். அவர் படிக்கவில்லை. அதனால் அதை நானே சத்தமாகச் சொன்னேன், மண்டபத்தில் நீ பேசியதைவிடச் சத்தமாக.

"எங்க கம்பத்துக்குத் தண்ணி எப்ப வரும்? தேதி சொல்லுங்க."