இடைநின்றோர் கூட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது, அதற்கும் வயசாகிறதல்லவா. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ சீக்கிரம் சொல்லுப்பா என்பாய், இது சீக்கிரம் சொல்லக்கூடிய விஷயமில்லை. உன் தங்கை வாலு இருக்கிறாளே, அவள் சமாச்சாரம்தான்.

கல்லூரியில் அவளுக்கு இது கடைசி வருஷ ஆய்வு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோன பெண்களைப் பற்றிச் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள், அதுவும் நம் தெருவிலும் அம்மா வேலை பார்க்கிற தையல் கம்பெனியிலும் இருக்கிற பெண்களை வைத்து. அவளுடைய பேராசிரியை கறாரான மனுஷி. அவர்களாக மனசார முன்வந்தால்தான் ஆய்வு, இந்த மாதத்துக்குள் யாரும் சேரவில்லையென்றால் தலைப்பையே மாற்றிவிடு என்று சொல்லிவிட்டார். இவளும் வீடு வீடாகப் போனாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், படிப்பு என்று இவள் வாயெடுத்ததும் அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் ஒரு நோட்டீஸ் எழுதி என்னிடம் நீட்டி, கம்பெனி பஸ்ஸை நீதானே ஓட்டுற, உள்ள ஒட்டிடுப்பா என்றாள். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று நட்ட நடுவில், கைப்பிடிக் கம்பிக்கு மேலே ஒட்டினேன். இடைநின்றோர் கூட்டம், ஞாயிறு மாலை, நூலக மாடி, அனைவரும் வருக என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படிப்பை இடையில் விட்டவர்களுக்குப் புத்தகத்தில் அப்படித்தான் பெயராம். எனக்கென்ன தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் அவளுக்குத் துணையாகப் போனோம், அந்த மாடி அறையில் உட்கார இடமில்லை. வாலுவுக்கு முகமெல்லாம் பல். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பட்டன் துளை தைக்கிற காஜா அக்கா எழுந்து, எத்தனை வருஷமா நாங்க நடுவுலயே நின்னுக்கிட்டு வர்றது, கால் என்ன இரும்புலயா செஞ்சிருக்கு, இன்னொரு பஸ் விடச் சொல்லுங்க என்று பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். நான் போடுகிற பிரேக்குக்குத் தனியாக அர்ச்சனை நடந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். இவள் அழுதுவிடுவாள், இல்லாவிட்டால் வெடுக்கென்று ஏதாவது சொல்லி எல்லோரையும் அனுப்பிவிடுவாள் என்று பயந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, பஸ் குறை முழுவதையும் உட்கார்ந்து கேட்டாள். கடைசி ஆள் பேசி முடித்த பிறகுதான், தப்பு என் மேலதான், இடைநின்றோர்னு நான் எழுதினது பஸ்ல நிக்கிறவங்கள இல்ல, படிப்பு நடுவுல நின்னவங்கள என்று விளக்கினாள். எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். காஜா அக்கா மெதுவாக, அப்ப நான் ரெண்டு கணக்குலயும் நின்னவதான் என்றார். ஒரு சிரிப்பு சிரித்தார்கள் பார், கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் காஜா அக்காவே, ஏன் நின்னீங்கன்னுதானே கேக்கப்போற, அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துப்போச்சு என்றார். வாலு தான் எழுதிக்கொண்டு வந்த கேள்விகளை மடித்து வைத்துவிட்டு, அப்ப என்ன கேக்கணும், நீங்களே சொல்லுங்க என்றாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானா இது. அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, விடாம படிச்சிருந்தா என்ன படிச்சிருப்பீங்க, அதைக் கேளு என்றார்கள். அதுதான் இப்போது ஆய்வின் முதல் கேள்வி. வந்தவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், பேராசிரியையும் சரி என்றுவிட்டார்.

அந்தக் கேள்விக்கு முதலில் கை தூக்கியது யார் தெரியுமா, உன் அம்மா. ஏழாவதோடு நின்றவள் என்று நமக்குத் தெரியும், அதற்கு மேல் என்ன தெரியும். எழுந்து நின்று, நாளைக்கு மழை வருமா, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்றாங்கல்ல, அந்தப் படிப்பு என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தினமும் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து இன்னைக்குத் துணி காயாது என்பாளே, வானிலை அறிக்கை வந்தாச்சு என்று நாம் மூன்று பேரும் கிண்டல் செய்வோமே. துணிக்காகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த மனுஷியை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பிரமித்துப்போய் நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அந்த ஊர்க் குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், எங்கள் ஆசி கூடவே இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா போனை எடுத்ததும் அங்க மழையா என்று கேட்பாள், நீயோ, ரூமுக்குள்ள இருக்கேன், யாருக்குத் தெரியும் என்பாய். இனிமேல் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைத் திற. மேகம் என்ன நிறம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எல்லாம் நன்றாகப் பார்த்து அவளுக்கு நிதானமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா