அந்திரேயாஸின் தக்காளி

மஹய்யாவ,
கண்டி.
ஏப்ரல் 22

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

நம் மகள் சர்மிளாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கும் ஒரு குறையுமில்லை. சைப்ரஸில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் பின்னால் அந்த அம்மாவின் மகன் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

அங்கே வசந்த காலமாம். அந்த மகன் அந்திரேயாஸின் தோட்டத்தில் தக்காளி காய்த்துக் குலுங்குகிறதாம். உனக்குக் கைராசி என்று அவர் சொன்னாராம். கைராசி என்ற சொல் அவருக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லிக்கொடுத்திருப்பாய். அதே கையால் நீ நட்ட கறிவேப்பிலை நம் வீட்டுப் பின்புறத்திலும் நிற்கிறது. அதை ஒரு நாளாவது விசாரித்தாயா?

இங்கே வானம் சொன்னபடி கேட்கவில்லை. மாசி முழுக்க ஒரு துளி மழையில்லை. அரிசி கழுவிய தண்ணீரைத்தான் போஞ்சிக் கொடிக்கு ஊற்றினோம். பங்குனியில் திடீரென்று கொட்டி, கத்தரி நாற்றெல்லாம் அழுகிவிட்டது. மறுபடி வெயில். இதைச் சொல்லப் போன் எடுத்த அன்றுதான் நீ அந்தத் தக்காளிக் கூடைப் படத்தை அனுப்பினாய். ஒரு கைப்பிடியில் உன் கை, மற்றதில் அவர் கை. நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொன்னது பொய்.

போன ஞாயிறு பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைதான் என்று பார்த்தால் ஆலங்கட்டி. கண்முன்னே போஞ்சிப் பந்தல் சாய்ந்தது. தக்காளி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. மூட ஒன்றும் அகப்படவில்லை. அலுமாரியைத் திறந்து கைக்கு வந்ததை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“அப்பா, அது அம்மாவோட கல்யாணச் சாரி!” என்று சர்மிளா கத்தினாள்.

“அந்தப் பக்கத்தப் பிடி புள்ள” என்றேன்.

இரண்டாக மடித்த சாரியைச் செடிகளுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். முதுகெல்லாம் அடி. பக்கத்து வீட்டு அங்கம்மா அக்கா வாசலில் நின்று, “தக்காளி மார்க்கட்ல கிடைக்காதா தம்பி, ஏன் இந்தப் பாடு?” என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும், நான் யாரோடு போட்டி போடுகிறேன் என்று.

மூன்று செடி பிழைத்தது. சாரிக் கரையில் ஒரு கிழிசல். கோபிக்காதே.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி அந்திரேயாஸ் கேட்டதாகச் சொன்னாய். “உன் இஷ்டம்” என்றேன். உன் இஷ்டம் என்னவென்று கேட்கப் பயந்துதான் அப்படிச் சொன்னேன், நிரஞ்சனி. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். தாயை அன்போடு பார்க்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூனில் உன் ஒப்பந்தம் முடிகிறது. அந்த அம்மாவை நல்ல கையில் ஒப்படைத்துவிடு. மகனிடம் சொல், இனி அவருடைய தக்காளிக்கு அவரே தண்ணீர் ஊற்றட்டும்.

கட்டுக்கலைப் பிள்ளையார் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
ரவிகுமார்