தவிட்டுப் பிஸ்கோத்து

காளிகாட், கல்கத்தா
பரிதாபி வருஷம், தை மாதக் கடைசி

சிரஞ்சீவி மஹாதேவனுக்கும் சௌபாக்யவதி ஜலஜாவுக்கும் அம்மா அனேக ஆசீர்வாதம். காளி புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக் கொண்டிருக்கிறோம், அங்கே நீங்கள் இருவரும் ஜலஜா வயிற்றில் இருக்கும் மூன்றாவது ஆளும் சௌக்கியம் என்று ஒரு வரி வந்தால் எனக்குத் தூக்கம் வரும். உன் கடிதம் கிடைத்தது. நாய்க்குட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு, ஜலஜாவுக்குத் தாயார் இல்லை, பங்குனியில் பிரசவத்துக்கு நீ ரங்கூன் வந்தே தீர வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையையும் கையோடு கொண்டு வரச் சொல்லியிருக்கிறாய். கடல் தாண்டுவது நம் வழக்கமில்லை என்று போன கடிதத்திலேயே சொல்லிவிட்டேன், நீ அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. சரி, இந்தத் தடவை முழுப் பதிலும் எழுதுகிறேன், ஆனால் அது நாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, அவசரப்படாமல் படி.

கார்த்திகையில் நாய் வந்தது என்றுதான் உனக்குத் தெரியும், வந்தது ஒன்றல்ல, நாலு. கார்டன் ரீச்சில் அப்பாவின் ஆபீஸ் துரை வளர்த்த பெண் நாய் குட்டி போட்டுவிட்டுச் செத்துப் போயிற்றாம். துரை குட்டிகளை ஆற்றில் போட்டுவிடச் சொல்லி பியூனிடம் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டாராம். உன் அப்பாதான் துரை எது கேட்டாலும் எஸ் ஸார் என்பவர் ஆயிற்றே, அன்றைக்கும் எஸ் ஸார் என்றிருக்கிறார். சாயங்காலம் டிபன் கூடையில் நாலு குட்டியையும் வைத்து, மேலே அங்கவஸ்திரத்தை மூடி, டிராமில் உட்கார்ந்து வந்துவிட்டார். ஆத்தில் கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னால் மறந்து போகிற மனுஷர். இது என்ன கண்ணராவி என்று கேட்டேன். கண்கூடத் திறக்கவில்லைடி, ஆற்றில் போடுவதை எப்படிப் பார்த்துக் கொண்டிருப்பது என்றார். பின்கட்டில் சாக்கைப் போட்டுக் கொடுத்தேன், அதற்கு மேல் என்னிடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

சொன்னது சொன்னபடி நடந்ததா என்றால் இல்லை. பசும்பாலில் பாதிக்குப் பாதி ஜலம் விட்டுக் காய்ச்சி, பஞ்சுத் திரியில் நனைத்து அவர் ஊட்டினார். பால் வாய்க்குள் போனதைவிட அவர் வேஷ்டியில் போனது அதிகம். ஒன்று அன்றைக்கே போயிற்று. மற்றவற்றுக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. ஆட்டுப் பால்தான் ஒத்துக் கொள்ளும் என்று பக்கத்து வீட்டு வங்காளி மன்னி, சாருபாலா பௌதி, மாடியிலிருந்து கத்தினாள். காளிகாட்டில் ஆட்டுக்குக் குறைவா, ஆனால் இங்கே வருகிறதெல்லாம் கடா, அதுவும் கறப்பதற்காக வருவதில்லை. கடைசியில் அவர் கார்டன் ரீச்சிலிருந்தே தினமும் ஒரு செம்பு ஆட்டுப் பால் வாங்கிக் கொண்டு டிராமில் வந்தார். பாலாடையைக் கொடு, திரியில் வயிறு நிறையாது என்று என்னிடம் கேட்டார், அது குழந்தைக்கு வாங்கினது, நாய்க்கு இல்லை என்று கொடுக்க மறுத்தேன். அடுத்தடுத்து இரண்டு போயிற்று. நாலாவது மட்டும் சாக்கில் தலையைத் தூக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து பாலாடையை எடுத்து வந்துவிட்டேன். ஆமாம், நீ பால் குடித்த அதே பாலாடைதான்.

அதோடு விடவில்லை நான். உனக்குத் தெரியாத கதை இல்லை, உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால் உன்னைப் பிறந்த அன்றே எதிராத்து மாமியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டை அளந்து போட்டு விலைக்கு வாங்கி வந்தோம். விலைக்கு வாங்கின பிள்ளை பெற்றவளுடையது இல்லை, எமன் கணக்கில் வராது என்று பிச்சை என்று கூப்பிட்டோம். அதே மாதிரி இந்தக் குட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் பௌதி கையில் கொடுத்தேன், ஒரு படி தவிட்டையும் கொடுத்து, இப்போது எனக்கு விற்றுவிடு என்றேன். அவள் சிரிப்பாளோ என்று பார்த்தால் சிரிக்கவில்லை. தீதி, எங்கள் வீட்டில் இதற்குச் சோழி கொடுப்போம், என் மைத்துனர் பெயரே பாஞ்ச்கொரி, ஐந்து சோழிக்கு வாங்கினவர் என்று சொல்லி, முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு பேரம்கூடப் பேசி இன்னொரு படி கேட்டு வாங்கினாள். பிறகு எங்களிடம் மாடா இருக்கிறது என்று தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குட்டிக்குப் பெயர் பிச்சை என்றே வைத்திருக்கிறேன், நீ கோபித்துக் கொள்ளாதே, நீதான் பெரியவன். உன் அப்பா மட்டும் அதைப் பிரின்ஸ் என்று கூப்பிடுகிறார், அது திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு தடவை தொட்டால் ஒரு ஸ்நானம் என்று ஆரம்பித்தேன், மார்கழிக் குளிரில் எனக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு ஒழுகிற்று. அனந்தகிருஷ்ண சாஸ்திரிகளைக் கேட்டதற்கு, கண் திறக்காத சிசுவுக்குத் தீட்டு இல்லை என்றார். கண் திறந்த பிறகு கேட்டேன், பல் முளைக்கிற வரைக்கும் பாதகமில்லை என்றார். பல் முளைத்த பிறகு நான் கேட்கவில்லை. உனக்குச் செய்ததெல்லாம் அதற்கும் செய்தேன். வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினேன், வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர் ஒரு சொட்டு. உன் மாமா சந்தானம் ஊரிலிருந்து கொண்டு வந்த கேழ்வரகை ஊற வைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தேன். வயிறு கட்டிற்று, முதுகில் விரல் வைத்தால் எலும்பு தட்டுப்படாமல் சதை வந்தது. அதற்குச் சோறு ஊட்டலாமா என்று யோசிப்பதற்குள் உன் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாய்க்கு ஒரு மாசம் நமக்கு ஆறு மாசத்துக்குச் சமம், அன்னப்பிராசனத்துக்குக் காலம் வந்துவிட்டது, ஆனால் மார்கழி ஆகாது என்றார். பௌதியும் பௌஷ மாசத்தில் நாங்களும் முகே பாத், அதாவது சோறூட்டல், செய்வதில்லை என்றாள். ஆக இரண்டு ஜாதி சாஸ்திரமும் சேர்ந்து ஒரு நாய்க்குட்டியைத் தை பிறக்கிற வரைக்கும் கஞ்சியில் நிறுத்தி வைத்தது.

பொங்கலன்று பௌதி புது ஈச்ச வெல்லம் போட்டுப் பாயசம் வைத்து எடுத்து வந்தாள். பச்சரிசியைக் குழைய வடித்து, உப்பில்லாமல் பாசிப்பருப்புக் கரைத்து, பூசணிக்காயை மசித்து நான் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். உன் அப்பா பட்டு வேஷ்டி கட்டிக் கொண்டு, இன்னும் முகூர்த்தம் வரவில்லை, பொறு என்றார். பிச்சை பொறுக்கவில்லை, பாயசத்தில் முகத்தை வைத்தது, பிறகு பார்த்தால் அந்தக் கிண்ணத்தின் அடி பளபளவென்றிருந்தது. தித்திப்பு அதிகம் ஆகாது என்று பாத்திரத்தில் இருந்த மிச்சத்தை நான் பிடுங்கிக் கொண்டேன். அதோடு போயிற்றா, மீன் இல்லாமல் முகே பாத் உண்டா, மீன் தின்னாத நாய்க்குப் புத்தி வராது என்று பௌதி பிடித்துக் கொண்டாள். என் வாசலுக்குள் மீன் வராது என்றேன். அப்படியானால் நாய் என் வாசலுக்கு வரட்டும் என்றாள். இப்போது தினம் மத்தியானம் அது அந்தப் பக்கம் போகிறது, முள் எடுத்து வேக வைத்ததைத் தின்கிறது என்று நினைக்கிறேன். திரும்பி வந்தால் வாயைக் கழுவி உள்ளே விடுகிறேன். அங்கே என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்பதில்லை. ரங்கூனில் நீ என்ன சாப்பிடுகிறாய் என்றும் நான் கேட்டதில்லை.

பல் வந்ததும் உன் அப்பாவின் செருப்பு போயிற்று, பிறகு குடைப் பிடி. துரையிடம் போய்ச் சீமையில் நாய்க்குக் கடிக்க என்ன கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். பிஸ்கோத்து என்றாராம். துரை எழுதிக் கொடுத்த செய்முறையை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார், எலும்புத் தூள் வரைக்கும் கேட்டேன், அடுத்த சாமான் வந்ததும் காதைப் பொத்திக் கொண்டேன். நானே ஒன்று செய்தேன். கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, பௌதி திருப்பிக் கொடுத்த அந்தத் தவிட்டை வறுத்துச் சலித்து ஒரு பங்கு, வாசனைக்குத் துளி வெல்லம், ஒரு சொட்டு நெய், உப்பு கிடையாது. கெட்டியாகப் பிசைந்து, துணியில் தட்டைபோல் தட்டி, இரும்புத் தட்டில் வைத்துக் கரி அடுப்பில் ஏற்றி, மேலே இன்னொரு தட்டில் தணல் போட்டு நிதானமாகச் சுட்டேன். ஆறினால் கல் மாதிரி ஆகும், அதுதான் வேண்டும். பிச்சை ஒன்றை வைத்துக் கொண்டு சாயங்காலம் வரைக்கும் யார் வம்புக்கும் போவதில்லை. தை அமாவாசைக்கு வந்த சாஸ்திரிகளுக்கு உன் அப்பா அந்த டப்பாவைத் திறந்து நீட்டிவிட்டார். மடியாகச் செய்ததா என்று கேட்டார், ஸ்நானம் செய்துவிட்டுத்தான் செய்தேன் என்றேன், அது உண்மைதானே. மூன்று தின்றார். அம்மாமி கை மணம், பல்லுக்கு நல்ல உறுதி என்று சொல்லி வழிக்கு நாலு கட்டிக் கொண்டார். இதை யாரிடமும் சொல்லாதே, ஜலஜாவிடம் சொல்லலாம், அவள் சிரித்தால் உடம்புக்கு நல்லது.

இப்போது உன் இரண்டு பக்கத்துக்குப் பதில். கடல் என்றெல்லாம் நான் சொன்னது சும்மா. எனக்குப் பயம், மஹாதேவா. உன் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் அந்தப் பாலாடையில் பால் கொடுத்தது இந்தக் கைதான். இவள் கை பால் கொடுக்க ராசியில்லாத கை என்று அப்போது ஊரில் ஒருத்தி சொன்னாள். அவள் செத்துப் பல வருஷம் ஆயிற்று, அந்தப் பேச்சு மட்டும் என்னை விடவில்லை. நீ நின்றது தவிட்டு ராசி, என் ராசி இல்லை என்றே இருந்தேன். இந்தக் குட்டிகளுக்குப் பாலாடையைக் கொடுக்காததும் நாய் என்பதால் இல்லை, என் கையால் கொடுத்து அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நாய்க்கு நான் சமைக்கிறேன், நீ ரங்கூன் போய்விட்டு வா என்றார். உங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்றேன். உன் கையில் பால் குடித்தது பின்கட்டில் என் குடையைத் தின்கிறதே, அது போதாதா உனக்கு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே வருகிறேன். சந்தானம் அடுத்த மாசம் வேலையாக அங்கே வருகிறான், அவனோடு கப்பல் ஏறுகிறேன், துறைமுகத்துக்கு நீயே வா, யாரையும் அனுப்பாதே. நாலு நாளாக உன் அப்பாவுக்குக் கேழ்வரகுப் பால் எடுக்கக் கற்றுக் கொடுக்கிறேன், நேற்றுக் கட்டி தட்டிற்று, பிச்சை மரியாதைக்குச் சாப்பிட்டது. ஒரு டப்பா பிஸ்கோத்தும் சுட்டு வைத்துவிட்டுத்தான் வருவேன், அவரும் சாஸ்திரிகளும் தின்றது போக நாய்க்கும் கிடைக்கும். பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அதில் யாரெல்லாம் குடித்தார்கள் என்று ஜலஜாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. அவளை மத்தியானம் தூங்க விடாதே, மாடிப்படி ஏற விடாதே, நீயும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

இன்னொன்று மறக்காமல் செய். பிறந்ததும் குழந்தையை எனக்கு விற்றுவிட வேண்டும் என்று ஜலஜாவிடம் இப்போதே சொல்லி வை, அவள் பயப்படாமல் இருக்க விஷயத்தை நல்லபடியாகச் சொல். பிஸ்கோத்துக்குப் போனது போக மீதித் தவிட்டை வறுத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், சரியாக ஒரு படி இருக்கிறது. ரங்கூனில் மலை மலையாகத் தவிடு கிடைக்கும், எதற்குக் கப்பலில் சுமந்து வருகிறாய் என்று எழுதாதே. இது பிச்சையை நிறுத்தின தவிடு.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக் கொள்ளும்

உன் அம்மா
அனந்தலக்ஷ்மி