கிணற்றுத் தண்ணீரும் ஆறு மீனும்

ஐப்பசி 8, வெள்ளி

கண்ணாடித் தொட்டியில் இருந்த முப்பத்தெட்டு மீனில் முப்பத்திரண்டு இன்று செத்தன. ஆறு மிச்சம்.

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. மதியம் சாப்பிடக் கடையிலிருந்து வந்தால் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி. மேலே மீன்கள், வயிறு காட்டிக்கொண்டு. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாள். என் வீட்டுக்காரி வள்ளி கூடம், வாசல், குத்துவிளக்கு எல்லாம் கழுவிய கையோடு தொட்டியையும் கழுவியிருக்கிறாள். பழுப்புத் தண்ணீரை முற்றத்தில் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிறைத்து.

“சாக்கடை மாதிரி கெடந்துச்சு. வெளக்கு ஏத்துற வீட்ல அத வச்சுக்கிட்டு எப்புடி?”

கத்தினேன். அவளும் கத்தினாள்.

“கடையில சீனி மூட்டைக்குக்கூட சீட்டு எழுதி ஒட்டுறீங்க. இதுக்கு ஒண்ணு ஒட்டுனா கை தேஞ்சா போயிரும்?”

சீட்டு ஒட்டியிருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று சோறு கிடையாது.

கூரைத் தகரத்தில் வழிந்த மழைத் தண்ணீர் இரண்டு அண்டா பிடித்தேன். தண்ணீர் பழையபடி பழுப்பாக வாதுமைச் சருகு நான்கு போட்டேன். ஆறையும் அதில் விட்டாயிற்று.

ஐப்பசி 9, சனி

மழை இல்லை. புழுக்கம். ஆறும் உயிரோடு. ஆனால் செம்பு நிறம் வெளுத்துவிட்டது. வால் பக்கத்துக் கறுப்பு முக்கோணம் மட்டும் தெரிகிறது. கல்லுக்குப் பின்னால் ஆளுக்கொரு மூலை. கொசுப்புழு போட்டேன், ஒன்றும் தொடவில்லை.

கிணற்றுத் தண்ணீர் ஏன் கொன்றது என்று நேற்றெல்லாம் யோசித்தது, இன்று வெந்நீர்க் கெண்டியைப் பார்த்ததும் விளங்கியது. உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. எங்கள் கிணறு சுண்ணாம்புக் குன்றின் அடியில். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ‘உன் பருப்பு வேகலை’ என்று கடைக்கு வந்து சண்டை போடுகிறவர்களிடம் ‘மழைத் தண்ணியில போடுங்க’ என்று சொல்லி அனுப்புகிறவன் நான். வள்ளியும் அப்படித்தான் சமைக்கிறாள். பருப்பு வேகாத தண்ணீரில் சதுப்பு ஓடை மீன் பிழைக்குமா? இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கடை காதர் பாய் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னா மொதலாளி, சைக்கிள்ல கருவாடு வித்த ஆளு. உசிர் மீனு மேல இப்ப என்னா பாசம்?”

“கருவாடு வித்த பாவத்தக் கழுவுறேன், பாய்.”

“ஆறு இருக்குல்ல, போதும்லா.”

போதாது. முன்பு நான்கு வைத்துப் பார்த்தேன். பயந்தே செத்தன, ஒவ்வொன்றாக. நாற்பது சேர்ந்தால்தான் நடுத் தொட்டிக்கு வரும், எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். நான் தனி ஆளாய்த் திரிந்து பிழைத்தவன். இதற்கு அது ஆகாது. இன்னும் இரண்டு மூன்று நாளில் கூட்டம் சேர்க்காவிட்டால் இந்த ஆறும் போகும்.

வாங்க வேண்டியது: கொசுவலைத் துணி 2 முழம். கயிறு. வெற்றிலை.

ஐப்பசி 10, ஞாயிறு

விடியற்காலை ரயில். சுங்காயில் இறங்கினேன். தூறல்.

மீன் இருக்கும் ஓடை நான் முன்பு வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்குள், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால். தேத்தண்ணீர் நிறத்துத் தண்ணீர். ஒன்பது வருஷம் அங்கே கித்தா மரம் சீவிப் பால் எடுத்தேன். வாளி கழுவப் போன இடத்தில் இந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஒரு நாள் அரைப் பேர் போட்டான், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. பாதிச் சம்பளம் போயிற்று. அன்று பார்த்த கூட்டம் மறக்கவே இல்லை.

மண்ணெண்ணெய்த் தகரத்தில் முப்பது மீன் சேர்ந்திருக்கும். பின்னால் குரல். அதே கிராணி. தலை நரைத்துவிட்டது, குடை மட்டும் புதுசு.

“யார்ரா அது? தொரை எடத்துல மீன் புடிக்க யாரு சொன்னா?”

“கண்ணு தெரியலீங்களா? மாரிமுத்து.”

“ஓ. கட வச்சிட்டா காட்டுக்குள்ள பூந்துருவியா? கொட்டு கீழ.”

கொட்டினேன். ஓடையில்தான், மெதுவாக, தகரத்தைச் சாய்த்து. மீனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

“எதுக்கு இது? கொழம்புக்குக்கூட ஆகாதே.”

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்க்கிறேன் என்றேன். கிராணியின் குடை கொஞ்சம் தாழ்ந்தது.

“சாவாம இருக்கா?”

“ஒன்றரை வருஷமா.”

வெள்ளிக்கிழமைக் கதையை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

துரையின் பெண்சாதி துரைசாணிக்கும் இந்த மீன் மேல் ஆசையாம். ஊறுகாய் ஜாடியில் மூன்று தடவை விட்டாளாம், மூன்று தடவையும் செத்ததாம். கிணற்றுத் தண்ணீர்! மீன் சாகிறதென்று துரை தினம் கிராணியைப் பிடித்துத் திட்டுகிறாராம்.

“நீங்க... ஆபீஸ் பக்கம் வாங்களேன். பேசுவம்.”

நீங்க! எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

“செவ்வாக்கெழம வாரேன். பெரிய ரோட்டு வழியா வாரேன்.”

வெறும் தகரத்தோடு ரயில் ஏறினேன். நெஞ்சு மட்டும் வெறுமையாக இல்லை.

ஐப்பசி 11, திங்கள்

நல்ல மழை. மீன் ஐந்து. காலையில் ஒன்று கல்லடியில் கிடந்தது.

நேற்றே கிராணி காலைப் பிடித்துக் கேட்டிருந்தால் தகரத்தோடு விட்டிருப்பான். தெரியும். ஆனாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வள்ளி தொட்டியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள்.

“இதான் நம்ம சீட்டு. இனி எவ தொட்டாலும் கைய முறிப்பேன்.”

தொட்டவள் அவள்தான். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தகரத்தை மூன்று தடவை மழைத் தண்ணீரில் கழுவி வைத்தாள், எண்ணெய் வாடை போக.

ஐப்பசி 12, செவ்வாய்

மேகமூட்டம். சுங்காய் ஸ்டேஷனிலிருந்து வாடகை மோட்டார் கார், ஆபீஸ் வாசல் வரைக்கும். வீண் செலவுதான். செய்தேன்.

கிராணி மேசைக்குப் பின்னால். நான் வராந்தாவில் நிற்க வேண்டுமாம், கூலி நிற்கிற இடத்தில்.

“சொல்லுங்க, கேக்குறேன்.”

நின்றபடியே வெற்றிலை மடித்தேன். பெரட்டில் பேர் கொடுக்க வந்த ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் மெதுவாக, “அண்ணே, நம்ம லயத்து ஆளுதானே நீங்க?” தலையாட்டினேன்.

கிராணி வெளியே பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவனே எழுந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். உட்கார்ந்தேன். பேச்சு கால் மணி நேரம்.

முடிவானது: துரைசாணி தொட்டிக்குக் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் தோட்டத்துச் செலவு. அமைத்துக் கொடுக்க எனக்குக் கூலி இருபது வெள்ளிப் பணம். அதில் மீன் முப்பதுக்குக் குறையக் கூடாது, மழைத் தண்ணீர் மட்டும். எனக்கு இன்று நாற்பது மீன். இனிமேல் வேண்டும்போதெல்லாம், பெரிய ரோட்டு வழியாக, யாரையும் கேட்காமல்.