ரஷ்யாக்காரி ஜெயித்த செய்தி

பாகூர், 20-9-1962, வியாழன்

மாஸ்கோவில் பெண்கள் உலகச் சதுரங்கப் போட்டி தொடங்கிவிட்டது. பட்டத்தை வைத்திருக்கும் பீக்கோவா அம்மாளுக்கு எதிராக இருபத்தொரு வயது நோனா. பாகூரில் இதற்காகத் தவிக்கிற ஒரே ஜீவன் நான்தான். பேப்பர் வருவதோ வாசகசாலைக்கு மட்டும். அங்கே பெண்கள் நுழையக் கூடாதாம். என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

"யாருங்க ஜெயிச்சது?"

"ரஷ்யாக்காரி."

இரண்டு பேருமே அந்த நாட்டுக்காரிகள்தானே! மேரி என்கிற நகராட்சி ஆபீஸில் பிறப்புப் பதிவேடு எழுதுகிறவர் இவர். எந்தப் பிள்ளையை எந்த வீட்டில் எழுதி வைத்திருக்கிறாரோ.

24-9, திங்கள்

இன்றும் ரஷ்யாக்காரி.

27-9, வியாழன்

பொறுக்க முடியாமல் நானே போய் வாசகசாலை வாசலில் நின்று கேட்டேன். காரியதரிசி தேவநாதன் உள்ளே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். "என்னை ஜெயிச்சிட்டு உள்ள வாம்மா, பேப்பர் இன்னா, நாற்காலியே தரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்! வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்றே உறைத்தது. விஷயத்தைக் கேட்டு இவர் சாப்பிடவே இல்லை.

30-9, ஞாயிறு

வேப்பமரத்தடியில் பெஞ்சு. பாதி ஊர் கூடிவிட்டது. தேவநாதனின் ராஜாவை மூலையில் மடக்கினேன். ஆட்டம் முடிந்தது என்று எழுந்தால் — அவர் ராஜாவைக் குதிரை மாதிரி தாண்ட வைத்தார்!

"நாட்டு ஆட்டத்துல ராஜா ஒரு வாட்டி பாயலாம்மா."

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இந்தப் பாய்ச்சல் கிடையாது என்றேன்.

"பிரெஞ்சுக்காரன் போன மாசமே ஊரை இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துட்டாம்மா. அவன் சட்டமும் கப்பலேறிடுச்சி."

கூட்டம் தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார், பாவி மனுஷன்! ஆத்திரத்தில் கண்டபடி ஆடித் தோற்றேன். அடுத்த ஞாயிறு வந்து இன்னொரு வாட்டி தோற்றுவிட்டுப் போகச் சொன்னார் தேவநாதன்.

1-10, திங்கள்

இவரிடம் பேசுவதில்லை என்றிருந்தேன். தானாகவே பலகையை எடுத்து வைத்து நாட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகி ஐந்து வருஷம், இவர் ஆடுவார் என்றே எனக்குத் தெரியாது. "உங்கிட்ட தோத்துட்டா வூட்ல மரியாதை போயிடுமேன்னுதான்..." என்றார்.

மூன்று ஆட்டம். மூன்றிலும் தோற்றார். மரியாதை அப்படியேதான் இருக்கிறது. பெண்களில் முதன்முதலாக உலகப் பட்டம் வென்ற வேரா மென்சிக்கிடம் தோற்ற ஆண்களுக்கு ஒரு சங்கம் என்று கேலி பேசுவார்களாம், பள்ளியில் மதர் சொன்னது. பாகூர்க் கிளையின் முதல் உறுப்பினர் என் வீட்டுக்காரர்.

7-10, ஞாயிறு

தேவநாதன் என் ராஜாவை மடக்கிவிட்டு மீசையை முறுக்கினார். நான் ராஜாவைக் குதிரையாகத் தாண்ட வைத்தேன்.

"அதெப்படி?" என்று எழுந்தே விட்டார். தன் சட்டம் தனக்கே மறந்துவிட்டது!

"நாட்டு ஆட்டம்ணே" என்றார் என் வீட்டுக்காரர், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஒன்பது நகர்த்தலில் சங்கத்துக்கு இரண்டாவது உறுப்பினர் சேர்ந்தார்.

20-10, சனி

வாசகசாலையில் உட்கார்ந்து நானே படித்தேன். ஒன்பதுக்கு இரண்டு என்று பட்டம் நோனாவுக்கு. நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டவர் தேவநாதன்.

வீட்டு வாசலிலேயே இவர் நின்றிருந்தார். "யாரு ஜெயிச்சது, சொல்லேன்!"

"ரஷ்யாக்காரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.