கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

போனில் நான் வாயைத் திறந்தாலே "அழாதக்கா, அழாதக்கா" என்கிறாய். நான் அழுவதற்கு உன்னைக் கூப்பிடவில்லை. ஒன்று கேட்பதற்குத்தான் கூப்பிட்டேன். அதோடு, இங்கே யார் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது, பார்த்துப் பேசு என்கிறார்கள். எதிர்வீட்டு லாரி டிரைவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாரே, பேட்டையில் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவார்களே, அவருடைய மச்சான் நீ இருக்கும் ஊருக்குத் திரும்பப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது எழுத்துப் பிழை தேடாதே.

எல்லை வாசலை இன்னும் திறக்கவில்லை. லாரிப் பேட்டை காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் கேன்டீனைத் திறந்து டீ போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி ஓட்டாத டிரைவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் இருந்தால் பெண்டாட்டி திட்டுகிறாளாம். இங்கே வந்தால் நான் திட்டுகிறேன்.

கேன்டீன் அலமாரி உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு டம்ளர். வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறவன் டீயைக் குடித்துவிட்டுத் தன் டம்ளரைத் தானே கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து அவனேதான் நிமிர்த்த வேண்டும். அதுவரை நான்கூடத் தொட மாட்டேன், தூசி தட்டக்கூடத் துணி படாது. இதையெல்லாம் பார்த்து நீ ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாய். இப்போது அலமாரியில் இரண்டு டம்ளர்தான் கவிழ்ந்திருக்கிறது. ஒன்று உன் அத்தானுடையது. இன்னொன்று என் மகனுடையது. உன் அத்தான் திரும்பி வந்துவிட்டார்தான், நிவாரணக்காரர்கள் வண்டியில், வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு. அப்படி வந்தவருடைய டம்ளரை யார் நிமிர்த்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அது அப்படியே இருக்கிறது.

மகன் உயிரோடுதான் இருக்கிறானாம். நிவாரணக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்து ராணுவம் டிரைவர்களையெல்லாம் ஒரு கிடங்கில் அடைத்து வைத்திருக்கிறது. கையில் காயம், ஆனால் சாப்பிடுகிறான் என்றார்கள். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். அது தெரியாது என்றார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தலைவர் இங்கே வருகிறார். பேட்டையிலேயே மேடை போடுகிறார்கள். சண்டை வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வாசலை மூடச் சொன்னதற்காகப் பாராட்டு விழா. நான் மேடை ஏறி நன்றி சொல்ல வேண்டுமாம். புருஷனைப் பறிகொடுத்தவளே சொன்னால் கேட்கிறவர்கள் மனசில் பதியும் என்று செய்தித் துறை ஐயா சொன்னார்.

இந்த ஐயாதான் உன் அத்தானை அடக்கம் செய்த அன்றைக்கும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "யாருமே எதிர்பார்க்கலம்மா, திடீர்னு நடந்துபோச்சு" என்றார். நானும் நம்பினேன். இடி விழுந்தது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அதே வாயால் "தலைவருக்கு முன்னாடியே தெரியும்மா" என்கிறார். அன்னைக்கு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே ஐயா என்று கேட்டேன். "அது வேறம்மா, இது வேற" என்றார்.

தெரிந்துதான் இருந்திருக்கிறது தம்பி. இப்போது யோசித்தால் எனக்கே புரிகிறது. வாசலை மூடுவதற்கு முன்பே, அந்தப் பக்கம் நம் தூதரகத்தில் இருந்த பெரிய அதிகாரி வீட்டுச் சாமான்களெல்லாம் இந்தப் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. கட்டில், சலவை மெஷின், பிள்ளைகளின் சைக்கிள். கடைசியாக ஒரு மீன் தொட்டி. பாதித் தண்ணீரோடு, மேலே துணி கட்டி, இரண்டு பேர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாசல் காவலரிடம் உன் அத்தான், "மீனுக்கெல்லாம் பாஸ்போர்ட் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். பேட்டையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதிகாரிக்கு மாற்றல் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். இந்தப் பேட்டையில் யார் வீட்டுச் சாமான் ஏறி இறங்கினாலும் அதற்கு மாற்றல் என்றுதான் அர்த்தம். எங்களுக்கு வேறு அர்த்தம் தெரியாது.

மிச்சமிருந்த சாப்பாட்டு மேசையும் அலமாரிகளும் ஏற்றி வரத்தான் அப்பாவும் மகனும் போனார்கள். சீக்கிரம் போய் சீக்கிரம் வந்துடுங்க என்று மட்டும் அதிகாரியின் ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள். ஏன் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வாசலை மூடினார்கள். அந்தப் பக்கம் பாலத்துக்கிட்டே குண்டு விழுந்தது. மீன்கள் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டன.

வாசலை மூடியதால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நீ போனில் சொன்னதும் பொய்யில்லை. வாசலை மூடியிருக்காவிட்டால் அடுத்து வரிசையில் நின்றது எதிர்வீட்டுக் கண்ணாடியின் வண்டி. அவருக்குப் பின்னால் பேட்டை நிறைய வண்டிகள். அத்தனை பேரும் இன்று என் கேன்டீனில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை இல்லை என்று குறை சொல்கிறார்கள். கண்ணாடியின் மனைவி தலைவர் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போனால் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நிற்கிறாள், பாவம். அவளை நான் எப்படித் தப்புச் சொல்வேன்?

ஆனால் ஒன்று மட்டும் எனக்குச் சொல். தெரியாமல் மூடியிருந்தால் அது அதிர்ஷ்டம், அதற்கு மாலை எதற்கு? தெரிந்து மூடியிருந்தால், தெரிந்ததை யார் யாரிடம் சொன்னார்? நீ படித்தவன். லிப்ட் கம்பெனியில் நாலு நாட்டு ஆட்களோடு வேலை செய்கிறவன். அங்கே எல்லாரும் நம் தலைவரின் தொலைநோக்கைப் புகழ்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, அவர்களிடம் கேட்டு எழுது.

கடைசியாகச் செய்தித் துறை ஐயா ஒன்று சொன்னார். "நீங்க நல்லதா நாலு வார்த்தை பேசுங்கம்மா. பிடிபட்டவங்கள மீட்கிற பேச்சுவார்த்தையில உங்க பையன் பேரு முதல்ல வரும்." பேசாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் போவேன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வேன். மகனுக்காக இந்த வாய் எதையும் சொல்லும். நீ என்னைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் தப்பாக நினைக்கக் கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

தம்பி,

கண்ணாடியின் மச்சான் இன்னும் கிளம்பவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கி இதையும் சேர்த்து ஒட்டுகிறேன்.

விழா நடந்துவிட்டது. நடந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். தலைவர் கையில் ஒரு டம்ளர், எதிரில் நான் கையை நீட்டி அழுகிறேன். கீழே, தாய்க்கு ஆறுதல் கூறிய தலைவர் என்று போட்டார்கள். அதில் சத்தம் இருந்திருக்காது. சத்தம் என்னவென்று நான் சொல்கிறேன்.

மேடைக்குப் போவதற்கு முன்னால் தலைவர் என் கேன்டீனில் டீ குடிப்பதாக ஏற்பாடு. காகித கப் எடுத்து வைத்திருந்தேன். செய்தித் துறை ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இது வேணாம், தொழிலாளிங்க குடிக்கிறதுலயே குடிச்சா படம் நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் கைவிட்டார். மற்ற டம்ளர்களெல்லாம் கழுவப் போட்டிருந்தேன். கவிழ்ந்திருந்த இரண்டுதான் அங்கே இருந்தன. பளிச்சென்று இருக்கிறது என்று மகனுடைய டம்ளரை எடுத்து நிமிர்த்திவிட்டார்.

நான் அடுப்புப் பக்கம் இருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அதில் டீயை ஊற்றித் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். டிரைவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவருக்கு மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். கண்ணாடியின் முகம் வெளுத்துப்போனது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "அதுல வாய் வெக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். காவலர்கள் என் தோளைப் பிடித்தார்கள். விஷமோ என்று பயந்திருப்பார்கள். தலைவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். ஏம்மா என்று கேட்டார். அது என் பையன் டம்ளருங்க, அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்கான், அவன் வந்துதான் நிமிர்த்தணும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணாடிதான் முன்னால் வந்து எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர், டம்ளரைக் கீழேயும் வைக்க முடியாமல் கையிலும் வைத்திருக்க முடியாமல் நின்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "உங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு சொல்றாங்களே ஐயா, என் பையன் எப்ப வருவான்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன்.

செய்தித் துறை ஐயா "சீக்கிரம் வந்துடுவாரும்மா, சீக்கிரம்" என்று குறுக்கே விழுந்தார். தலைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்காத குரலில், "தெரியலம்மா" என்றார்.

தம்பி, மாலை போடுவதென்றால் அந்த ஒரு சொல்லுக்கு நானே போடுவேன். கிட்டத்தில் பார்த்தால் அவரும் தூக்கமில்லாத மனுஷனாகத்தான் இருந்தார். ஆனால் அங்கிருந்து நேரே மேடைக்குப் போனார். வரப்போவதை முன்கூட்டியே கண்டேன் என்று ஒலிபெருக்கியில் பேசினார். கேன்டீனுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. கண்ணாடியின் மனைவியை ஏற்றினார்கள். நன்றாகப் பேசினாள். அவள் பொய் பேசவில்லை.

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவிப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டேன். கண்ணாடி, "பெத்தவ கையால கவுத்துட்டல்ல, ஒண்ணும் ஆகாது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு அடங்கவில்லை. டம்ளர் பயம் ஒரு பக்கம் என்றால், செய்தித் துறை ஐயா காரில் ஏறும்போது சொன்னது இன்னொரு பக்கம். "உங்க பையன் விஷயம் இனிமே என் கையில இல்லம்மா" என்றார்.

ஆகையால் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நீ பதில் எழுத வேண்டாம். தலைவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை அவரைப் பாராட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ எனக்காக ஒரு காரியம் செய். நீ இருக்கும் ஊரில், மகனை அடைத்து வைத்திருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் இருக்கிறதாம். வாசலில் நில். உள்ளே விடாவிட்டால் மறுநாளும் போய் நில். நம் தலைவரைப் பற்றி நல்லதும் பேசாதே, கெட்டதும் பேசாதே. சண்டையைப் பற்றி எதுவும் பேசாதே. பச்சை லாரி ஓட்டி வந்தவன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும், மேசை அலமாரி ஏற்ற வந்தவன், வேறு எதுவும் தெரியாதவன் என்று மட்டும் சொல். அவர்களிலும் யாருக்காவது பிள்ளை இருக்கும்.

உள்ளே விட்டால், அவனிடம் சேர்க்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல். அப்பா போனது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, அதைச் சொல்லாதே. அலமாரியில் இரண்டு டம்ளரும் கவிழ்த்தபடியே இருக்கிறது, அம்மா யாரையும் தொட விடவில்லை, நீ வந்து இரண்டையும் நிமிர்த்த வேண்டும் என்று சொல். அவனுக்குப் புரியும்.

நீ நீண்ட ஆயுளோடு இரு. உன் பிள்ளைகள் உன் கண் முன்னாலேயே இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா